தேய்ந்துபோன பல்சக்கரம்

பழுதான பொருளைச் சீர்செய்து வைத்துக்கொள்வதா, எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதா என்ற கேள்வி எழாத இல்லம் இன்று அரிது. விடை பெரும்பாலும் பணக்கணக்காகவே அமைகிறது. "சரிபார்க்கக் கொடுக்கும் கூலிக்குப் புதியதே வந்துவிடுமே!" என்பார்கள். பல வேளைகளில் அந்தக் கணக்கு சரியானதே; அதனோடு எனக்கு வழக்கில்லை. ஆயினும் அக்கணக்கினுள் அடங்காத ஒரு பழுதுபார்ப்பைப் பற்றி இங்கே எழுத விழைகிறேன். பொருள் அற்பமானது. பிள்ளைகள் விளையாடும் வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்று. அதிலும் அதனுள்ளே கட்டைவிரல் நகத்தளவேயான ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். 'பங்குச் சாமியாருக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்கத் தோன்றும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

1987ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜப்பானில் 'பிசி எஞ்சின்' என்னும் விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. என்.ஈ.சி. குழுமத்தின் வெளியீடு அது. அதன் உயிர்நாடியான சில்லுகளை வடிவமைத்தவர்கள் ஹட்சன் நிறுவனத்தார். உள்ளங்கை இரண்டைச் சேர்த்துவைத்தால் அடங்கிவிடும் சிறிய வெண்ணிறப் பெட்டி. விளையாட்டுகள் தடித்த சீட்டு வடிவில் கிடைத்தன. மறு ஆண்டே, 1988 டிசம்பர் 4ஆம் நாள், அப்பெட்டியோடு இணைக்கத்தக்க குறுந்தட்டு இயக்கி ஒன்று வெளிவந்தது. 'சிடி ரோம் ரோம்' என்று அதனை அழைத்தனர். வீட்டில் வைத்து ஆடும் விளையாட்டுக் கருவிக்குக் குறுந்தட்டைப் பயன்படுத்தியது உலகிலேயே அதுதான் முதன்முறை. சீட்டில் ஒரு மெகாபைட் அளவுகூடத் தகவல் கொள்ளாத காலம் அது. தட்டிலோ 500 மெகாபைட்டுக்கும் மேல் கொள்ளும். அதுவரை கீச்சுக்குரலில் ஒலித்த விளையாட்டு இசை, வாத்தியக்காரர்கள் உண்மையாகவே வாசித்துப் பதிந்த இசையாயிற்று. பாத்திரங்கள் மனிதக் குரலில் பேசின. அந்நாள்களில் சிறுவராயிருந்தோர் இன்று ஐம்பதை நெருங்கிவிட்டபோதும் அதைப் பற்றிப் பேசுகையில் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன்.

அவ்வியக்கிக்கு மற்றொரு பயனும் உண்டு. கருவியிலிருந்து அதனைத் தனியே கழற்றி மின்னிணைப்புக் கொடுத்தால் சாதாரண இசைத்தட்டுகளையும் பாட வைக்கும். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் கொள்க. பின்னர் இது தேவைப்படும்.

குறுந்தட்டு எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அத்தட்டில் தகவல் ஒரே நீண்ட சுருள்கோடாக, உள்ளிருந்து வெளிநோக்கிப் பதியப்பட்டுள்ளது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான் மட்டுமே. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் அறுநூறு சுற்றுகளுக்கும் மேல். 74 நிமிடம் பாடக்கூடிய தட்டின் சுருளை நீட்டி விரித்தால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் வரும்! இத்தனை நெடுந்தொலைவைப் படிக்கும் லேசர்க் கண், தட்டின் ஆரத்தின் வழியே நகரும் தூரமோ ஏறத்தாழ 33 மில்லிமீட்டர்தான். அந்த நகர்வை இருவர் பங்கிட்டுக்கொள்கின்றனர். நுண்ணிய அசைவுகளை லென்சே தன் சிறு மின்சுருள்களின் துணையால் செய்துகொள்ளும். அது எட்டும் எல்லை முடிந்ததும், லென்சைத் தாங்கிய சிறு வண்டியையே தண்டவாளத்தின்மீது ஒரு மோட்டார் நகர்த்தித் தரவேண்டும். மோட்டார் வேகமாகச் சுழல்வது. வண்டியோ நத்தையினும் மெதுவாக ஊரவேண்டியது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று வேகத்தைக் குறைத்துக் கொடுப்பவைதாம் பல்சக்கரங்கள்.

பல் தேய்ந்தால் என்ன ஆகும்? மோட்டார் சுழலும்; வண்டி நகராது. லென்சு தன்னால் இயன்ற மட்டும் எட்டிப் பார்க்கும். பின்பு பிடி நழுவிவிடும். இதில் வியப்பென்னவெனில், தட்டின் பொருளடக்கம் உள்விளிம்பில் பதியப்பட்டிருப்பதால், பல் கெட்ட கருவியும் தட்டை அடையாளம் கண்டுகொள்ளும். முதற்பாட்டைப் பழுதின்றிப் பாடவும் கூடும். வெளிவிளிம்பை நோக்கிச் செல்லச் செல்லத்தான் அதன் நோய் வெளிப்படும். லேசர்தான் போய்விட்டது என்று எண்ணி நல்ல லேசரைக் கழற்றி எறிந்தவர்கள் பலர்.

நான் மறைப்பணி நிமித்தம் ஜப்பானில் தங்கியிருந்த ஆண்டுகளில் தோக்கியோவின் தென்கோடியில் உள்ள ஓத்தா வட்டத்திற்கு அடிக்கடி செல்வதுண்டு. 'மாச்சிகோபா' எனப்படும் சிறு பட்டறைகளுக்குப் பெயர்போன பகுதி அது. தந்தையும் தாயும் மகனுமாக மூன்று நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைகள். கீழே இயந்திரம், மேலே குடியிருப்பு. 1983ஆம் ஆண்டளவில் இத்தகைய பட்டறைகள் 9,000க்கும் மேல் இருந்தன. இன்று அதில் பாதியும் இல்லை. ஒரு வரைபடத்தைக் காகித விமானமாக மடித்து அவ்வட்டாரத்தினுள் எறிந்தால், அது செய்து முடித்த பொருளாகத் திரும்பி வரும் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் நாற்பதாண்டு பல்சக்கரம் வெட்டியவர் ஒருவர், எண்பதைக் கடந்தவர், எனக்கு அறிமுகமானார். மனைவி இறந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் முதியோர் இல்லத்திற்குச் செல்வதென முடிவாகியிருந்தது. வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கழிவுப் பொருள்களை அங்கே நினைத்த நாளில் தெருவில் வைத்துவிட முடியாது. நகராட்சியிடம் நாள் குறித்து, கட்டண வில்லை ஒட்டி வைக்கவேண்டும். நாளும் குறித்தாயிற்று. அடுக்கிவைத்த பொருள்களுக்கு நடுவே அந்தக் குறுந்தட்டு இயக்கியை எடுத்து ஒருபுறமாக வைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்:

"ஷிம்புசாமா, உங்கள் கை நடுங்குவதில்லை அல்லவா?"

'ஷிம்புசாமா' என்பது நம் ஊரில் 'சாமி' என்று விளிப்பதற்கு இணையான சொல். "இல்லை ஐயா" என்றேன். "என் கை நடுங்குகிறது. திருகாணியை என்னால் பிடிக்க இயலவில்லை. நான் சொல்கிறேன், நீங்கள் செய்கிறீர்களா?" என்றார். குருமடத்தில் பயின்ற நாள்களில் சுவர்க் கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பதும் எண்ணெய் இடுவதும் என் முறையாக இருந்ததுண்டு. இயந்திரங்களோடு எனக்கிருந்த உறவு அவ்வளவே. ஒப்புக்கொண்டேன்.

அவருடைய மகன் ஒசாக்காவில் பணிபுரிபவர். சிறுவயதில் அந்தக் கருவியில் விளையாடியவர் அவர்தாம். தொலைபேசியில் அவர் சொன்னதும் நியாயமாகவே இருந்தது: "அப்பா, அது எதற்கு? அந்த விளையாட்டுகளை எல்லாம் அடக்கிய சிறு கருவி 2020இலேயே வந்துவிட்டது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. படம் இதைவிடத் தெளிவு." உண்மைதான். ஹட்சன் நிறுவனம் 2012இல் கொனாமி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தக் கொனாமியே 2020 மார்ச்சில் பழைய விளையாட்டுகளை உள்ளடக்கிய சிறு கருவியை வெளியிட்டது. அதில் தட்டும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. தேய்வதற்கு எதுவும் இல்லை. விளையாட்டு மட்டுமே வேண்டுமென்றால் மகன் சொன்னதற்கு மறுமொழி கிடையாது.

முதியவர் மகனோடு வாதாடவில்லை. பின்பு என்னிடம் மட்டும் சொன்னார்: "நாற்பதாண்டில் எத்தனை இலட்சம் சக்கரம் வெட்டினேனோ தெரியாது. பெரிய கம்பெனிக்காரர்கள் வரைபடம் தருவார்கள். நாங்கள் வெட்டிக் கொடுப்போம். அது எந்த இயந்திரத்தினுள் போயிற்று என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நானும் கேட்டதில்லை. ஒரே ஒரு சக்கரமாவது எங்கே போய்ச் சுழல்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறது."

மழைக்காலத்து மாலைகளில் வேலையைத் தொடங்கினோம். தண்ணீரில் ஊறிய துணிபோல் காற்று கனக்கும் காலம் அது. மின்னிணைப்பை அகற்றி, மூடியைத் திறந்து, திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே காந்தத் தகட்டின்மேல் அடுக்கி வைத்தேன். லேசர் வேலை செய்கையில் லென்சினுள் பார்க்கலாகாது என்று அவர் இருமுறை எச்சரித்தார்; குறுந்தட்டு லேசர் 780 நானோமீட்டர் அலைநீளத்தது, கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாது, ஆகவே ஆபத்து தெரியாது. பழைய கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் இறுகியிருந்தது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கவே ஒரு மாலைப்பொழுது கழிந்தது. நடுச்சக்கரம் வெளிவந்தபோது நோய் கண்ணெதிரே தெரிந்தது. பற்களில் சில அடியோடு போயிருந்தன. சில நுனி மழுங்கிக் கிடந்தன. நகத்தால் தொட்டால் உதிர்ந்தன.

இவ்வகைக் கருவிகளில் இந்நோய் பரவலாக அறியப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்த பிளாஸ்டிக் அது. செய்தவர்கள்மேல் குறை சொல்ல இடமில்லை. பிளாஸ்டிக் அழியாது என்று நாம் பேசிக்கொள்கிறோம். குப்பையில் கிடக்கும்போது அழியாது. நமக்கு வேண்டும்போது அழிந்துவிடுகிறது! பாலியூரித்தேன் போன்ற சில வகைகளைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். ஜப்பானியர் இதனை நன்கறிவர். திருமணத்திற்கும் துக்கத்திற்குமென்று பெட்டியில் பத்திரப்படுத்திய காலணியைப் பல ஆண்டுகள் கழித்து அணிந்து, நடுவழியில் அடிப்பாகம் துண்டு துண்டாய் உதிர்ந்து நின்றவர்கள் அங்கே அநேகர்.

இனி அளவெடுக்கவேண்டும். வெர்னியர் அளவியைக் கையிலெடுத்து அந்தத் தேய்ந்த சக்கரத்தின் விளிம்பில் வைத்தேன். முதியவர் தலையசைத்தார். "இறந்தவனை ஏன் அளக்கிறீர்கள்? பக்கத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள்" என்றார்.

அவர் பின்னர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன். ஒன்றோடொன்று கடிக்கும் சக்கரங்களின் பற்கள் ஒரே அளவினவாயிருத்தல் வேண்டும். அந்தப் பல்லளவிற்கு 'மாட்யூல்' என்று பெயர். ஒரு சக்கரத்தின் வெளிக் குறுக்களவை, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிவந்த தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 20 பற்களும் 11 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள சக்கரத்தின் மாட்யூல் 11ஐ 22ஆல் வகுத்து வரும் 0.5. தேய்ந்த சக்கரத்தின் வெளியளவு பொய் சொல்லும். அதனை நம்பிக் கணக்கிட்டால் புதிய சக்கரமும் தேய்ந்த அளவிலேயே பிறக்கும். ஆனால் அதனோடு இதுநாள்வரை இணைந்து சுழன்ற பக்கத்துச் சக்கரம் நலமாயிருந்தால், அதிலிருந்து மாட்யூலை அறிந்துகொள்ளலாம். பற்களின் எண்ணிக்கையை மட்டும் இறந்த சக்கரத்தினின்றே பெறவேண்டும். பல் போனாலும் அடிவேர் மிஞ்சியிருக்குமல்லவா? உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊசிமுனையால் ஒவ்வொரு வேராகத் தொட்டு எண்ணினேன். மூன்று முறை எண்ணச் சொன்னார். மூன்று முறையும் ஒரே எண் வந்தபின்பே எழுதச் சொன்னார். இரு அச்சுகளின் இடைத்தூரமும் ஒரு சாட்சி: இரு சக்கரங்களின் பற்களைக் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, பாதியாக்கினால் அத்தூரம் வரவேண்டும். வந்தது. முதியவரின் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

"பித்தளையில் செய்துவிட்டால் இனித் தேயவே தேயாதே?" என்று கேட்டேன்.

"உங்கள் சக்கரம் தேயாது. அதன் இருபுறமும் இருப்பவை தேய்ந்துவிடும்."

கடினமான சக்கரமும் மென்மையானதும் சேர்ந்து சுழன்றால் மென்மையானதுதான் இழக்கும். மோட்டாரும் சிறியது, கனத்த சக்கரத்தைச் சட்டென்று நிறுத்தவும் திருப்பவும் அதற்கு வலுப் போதாது. ஆகவே பாலியசெட்டால் என்னும் வெண்ணிறப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தார். ஈரத்தை அதிகம் ஏற்காது, வழவழப்பு இயல்பிலேயே உண்டு, அண்டையிலுள்ள சக்கரங்களைப் புண்படுத்தாது. சிறு இயந்திரங்களின் பல்சக்கரங்களுக்கு உலகெங்கும் அதுவே பெருவழக்கு. முப்பரிமாண அச்சில் உருவாக்கித் தருவோரும், ஆயத்தமாகச் செய்து விற்போரும் இன்று இருக்கிறார்கள்; அவ்வழியில் கருவியை மீட்டோர் பலர். அவ்வழி எளிதுதான். ஆனால் முதியவருக்கு வேண்டியிருந்தது வேறு.

அவரிடம் தொழில் பழகிய ஒருவரின் பட்டறை இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை அங்கே சென்றோம். வெள்ளைக் கோலை லேத்தில் கடைந்து, நடுவே துளையிட்டு, வில்லைகளாக நறுக்கினார்கள். பத்து வில்லைகளை ஒரே தண்டில் கோத்து ஹாப்பிங் இயந்திரத்தில் ஏற்றினார்கள். திருகுபோன்ற வெட்டுக்கருவி ஒரு சுற்றுச் சுற்றும்போது வில்லை சரியாக ஒரு பல் அளவு திரும்பவேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பவையும் இயந்திரத்தினுள் இருக்கும் பல்சக்கரங்களே. ஒன்று வெட்டினாலும் பத்து வெட்டினாலும் ஆயத்த வேலை ஒன்றுதான் என்பதால் பத்து. முதியவர் ஒரு கையால் மறு கையைப் பின்புறம் பற்றிக்கொண்டு நின்றார். இயந்திரத்தைப் பார்க்கவில்லை, செவிகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை, "வெட்டுமுனை மழுங்கல்" என்றார். பட்டறைக்காரர் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முனையை மாற்றினார். சில நிமிடங்களில் வெள்ளைச் சுருள்களுக்கு நடுவே பத்துச் சக்கரங்கள் கிடந்தன. கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கத் துணியவில்லை.

பொருத்தியது நான். பிளாஸ்டிக்கை அரிக்காத கிரீஸ், அதுவும் பற்களில் ஊசிமுனையளவு. வண்டியை விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன்; உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை தடையின்றி ஊர்ந்தது.

எந்தத் தட்டைப் போட்டுப் பார்ப்பது? முதியவர் அலமாரியினின்று ஒன்றை எடுத்துவந்தார். 'என்கா' என்னும் ஜப்பானியப் பழம்பாணிப் பாடல்கள். மகன் கல்லூரிக்குச் சென்றபின் அந்த இயக்கியைத் தனியே கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோனவர் அவர் மனைவி. பாத்திரம் கழுவும்போதும் காய் நறுக்கும்போதும் அதில்தான் பாட்டுக் கேட்பாராம். "பிற்காலத்தில் அது பாதியில் நின்றுவிடும். 'இந்தப் பெட்டிக்குக் கடைசிப் பாட்டுப் பிடிப்பதில்லை' என்று சொல்லிச் சிரிப்பாள். வேறொன்று வாங்கலாமே என்பேன், வேண்டாம் என்பாள். பட்டறையிலிருந்து வந்ததும் நான் தூங்கிவிடுவேன், ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை" என்றார். வீட்டிற்குள்ளேயே ஒரு பல்சக்கரம் தேய்ந்துகொண்டிருந்தது. கீழே அவர் நாள்தோறும் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருந்தார். இதனை அவர் வருத்தத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்.

முதற்பாட்டு வந்தது. அதனை நாங்கள் பொருட்படுத்தவில்லை; அது எப்படியும் வரும். நேரே கடைசிப் பாட்டின் எண்ணுக்குச் சென்றேன். உள்ளே ஒரு மெல்லிய உறுமல். வண்டி ஓடும் ஓசை. ஓரிரு நொடி மௌனம். பின்பு பாட்டு. முழுவதும் கேட்டோம். முடிந்ததும் "மறுபடியும்" என்றார்.

ஜூலைக் கடைசியில் மகன் வீட்டை ஒழிக்க வந்தார். தந்தை ஒன்றும் சொல்லாமல் கருவியைப் பழைய தொலைக்காட்சியோடு இணைத்துவைத்திருந்தார். 1989 டிசம்பரில் வெளியான 'ஈஸ்' என்ற விளையாட்டின் தட்டு உள்ளே இருந்தது. மகன் முன்பு சேமித்து வைத்திருந்த ஆட்டம் எதுவும் அதில் மிஞ்சியிருக்க வழியில்லை. அந்தக் கருவியின் சிறு நினைவகம், மின்சாரம் இல்லாவிட்டால் சில வாரங்களில் எல்லாவற்றையும் மறந்துவிடக்கூடியது. ஆகையால் முதலிலிருந்தே தொடங்கினார். பொருள்கள் எல்லாம் வெளியேறி வெறுமையாயிருந்த அறையில், பாயில் அமர்ந்து ஒரு மணிநேரத்திற்கு மேல் ஆடினார். தந்தை திரையைப் பார்க்கவேயில்லை. இயக்கியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடி அருகில் அமர்ந்திருந்தார். உள்ளே வண்டி ஓடும்போதெல்லாம் அந்த அதிர்வு கையில் தெரியும்போலும், "இப்போது உள்ளே போகிறது... இப்போது வெளியே வருகிறது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தார். மகன் ஒருமுறை விளையாட்டை நிறுத்திவிட்டு, "எத்தனை பல் அப்பா?" என்று கேட்டார். தந்தை சொன்னார். அதற்குமேல் அவர்களிடையே பேச்சு அதிகமில்லை.

குறித்த நாளில் நகராட்சி வண்டி வந்து அலமாரியையும் தையல் மேசையையும் ஏற்றிச் சென்றது. கருவி ஒசாக்காவுக்குப் போயிற்று. மீந்த ஒன்பது சக்கரங்களில் ஒன்றை மகன் மாற்றுக்கென எடுத்துக்கொண்டார். பட்டறைக்காரர் மூலமாக, இதே கருவியை வைத்துக்கொண்டு வழி தெரியாமலிருந்த ஐவருக்கு ஐந்து சென்றன. எஞ்சிய மூன்றும் ஒரு சிறு தேயிலை டப்பாவில் என்னிடம் உள்ளன. மூடியின்மேல் மாட்யூலும் பற்களின் எண்ணிக்கையும் துளையின் அளவும் எழுதியிருக்கின்றன. அவரே எழுதியது, கோடுகள் நடுங்கியிருக்கின்றன, எண்கள் தெளிவாயிருக்கின்றன.